காலையில் எரிந்த விளக்கு: சாயல்குடிக் கடலோரத்தில் ஒரு கிணற்றுக் காற்று பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சாயல்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தேரிமேட்டில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இதில் சொல்லவில்லை. அந்த ஊரின் பழைய கிணறு ஒன்றைத் தூர்வாரும் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அப்போது ஒருவர் கிணற்றுக்குள் மயங்கினார், பிழைத்தார். எதனால் மயங்கினார், அந்தக் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தோம், பிறகு வேலையை எப்படி முடித்தோம் என்பதை நடந்த வரிசைப்படி எழுதுகிறேன். என் பங்குத் தவறும் இதில் இருக்கிறது.

கிணறு வட்டக் கிணறு. குறுக்கே 8 அடி, ஆழம் 42 அடி. மேலே ஆறேழு அடிக்குச் சிவந்த தேரிமணல், அதன் கீழே ஓர் ஆள் உயரத்துக்குக் களி, அதற்குக் கீழே தரை வரைக்கும் சுக்கான்கல் கலந்த மணற்பாறை. மணலும் களியும் இருக்கும் உயரம் வரை கல்கட்டு உண்டு. அதற்குக் கீழே பாறை அப்படியே தெரியும்; கை நுழையும் அளவுக்குப் பொந்துகள், தேன்கூடு போல. இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

ஊரில் குடிதண்ணீர்க் குழாய் வந்த பிறகு கிணற்றை யாரும் பார்க்கவில்லை. ஒரு ஆடு விழுந்து செத்ததும் இரண்டு கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். மோட்டார் ஓஸ் விடுவதற்காக ஒரு பலகையில் 4 அங்குல பிளாஸ்டிக் குழாய் பதித்திருந்தது. மோட்டாரைக் கழற்றிய பிறகும் குழாய் திறந்தே கிடந்தது. வெயில் நேரத்தில் அதிலிருந்து குளிர்ந்த காற்று வரும். விளையாடும் பிள்ளைகள் முகத்தைக் கொண்டுபோய் அதில் வைப்பார்களாம். "உச்சிப்பொழுதுல அங்க போகாதிய, முனி மூச்சு விடும்" என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். வேலைக்கு முந்தைய நாள் எதிர்வீட்டு அப்பத்தா இதையே என்னிடமும் சொன்னார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன்.

வைகாசி மாதம். மழைக்காலத்துக்குள் தூர் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. தூர் எடுக்க ஆறு பேர் வந்தார்கள். மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல். இந்த வேலையில் முப்பது வருடம். அவருடைய அக்கா மகன், இருபத்து நாலு வயது, கூட வந்திருந்தான்.

முதல் நாள் காலை

முந்தைய நாள் சாயந்தரமே பலகைகளை நகர்த்திக் கிணற்றைத் திறந்துவிட்டோம். ராத்திரி முழுக்க காற்றாடட்டும் என்பது மேஸ்திரியின் யோசனை, நல்ல யோசனைதான். காலை 8.20க்கு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டித் தரை வரை இறக்கினார். பத்து நிமிடம் நின்று எரிந்தது. வேப்பங்கொப்பு ஒன்றைக் கட்டி நாலைந்து முறை மேலும் கீழும் இழுத்தார். அப்புறம் இரண்டு பேர் இறங்கினார்கள். சேறும் இலைமக்கும் டின் டின்னாக மேலே வந்தன.

பத்தரை மணிக்குக் கீழே இருந்தவர்கள் ஏறி வந்தார்கள். இருவருக்கும் கடுமையாக மூச்சு வாங்கியது, தலை வலிக்கிறது என்றார்கள். வெயில், புழுக்கம், சேற்று நாற்றம் என்று நாங்களே ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம். அந்தத் தலைவலிதான் முதல் எச்சரிக்கை, அதை விட்டுவிட்டோம். கஞ்சி குடித்தார்கள். கப்பியின் அச்சு தேய்ந்து கயிறு வெளியே நழுவிக்கொண்டிருந்ததால் அதைச் சரிசெய்ய ஆள் போய் வர மதியம் ஆகிவிட்டது.

மதியம் 1.50

மருமகன் இறங்கினான். நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிறு இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது என்பது மேஸ்திரியின் பழைய கண்டிப்பு. சட்டம் படித்து வந்த கண்டிப்பு இல்லை. இளவயதில் கூட்டாளி ஒருவரைப் பறிகொடுத்ததில் வந்தது. மதியம் மறுபடி விளக்கு இறக்கவில்லை. காலையில் எரிந்ததே, இப்போது வாயும் திறந்துதானே கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

படிக்கல்லில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தவன் 28 அடி வாக்கில் நின்றுவிட்டான்.

"மாப்ள, என்னடா நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல மாமா... கொஞ்சம் கிறுகிறுன்னு..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கை கல்லை விட்டது. கயிறு விண்ணென்று இறுகியது. மேஸ்திரி ஒரு காலைக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார். பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், என்னைத் திட்டினார், நானும் திட்டினேன். மற்ற நால்வரும் கயிற்றை இழுத்தார்கள். மேலே கொண்டுவர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அன்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் ஐந்து நிமிடம் என்பார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நிழலில் மல்லாக்கப் போட்டுத் தாடையை நிமிர்த்தி வைத்தோம். நாலைந்து மூச்சு ஆழமாக இழுத்த பிறகு கண் திறந்தான். 108 வண்டி வந்தது. ஆக்சிஜன் வைத்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

மேஸ்திரி உள்ளே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கிணற்று வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சாவுகளில் முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவர்கள்தான் அடுத்தடுத்து விழுகிறார்கள்.

அன்று மாலை எங்களுக்குள் நடந்த வாக்குவாதம்

நாலு மணிக்கு விளக்கை மறுபடி இறக்கிப் பார்த்தோம். 22 அடியில் சுடர் சுருங்கி அணைந்தது. கெட்ட காற்று இருக்கிறது என்பது உறுதி. ஆனால் காலையில் தரை வரை எரிந்த விளக்கு மதியத்தில் பாதிக் கிணற்றில் அணைவது எப்படி? ஊரில் மூன்று விளக்கம் கிடைத்தது.

சேற்றைக் கிளறியதால் அடியில் தேங்கிய வாயு கிளம்பியது என்றார் மேஸ்திரி. அதில் உண்மை உண்டு. ஆனால் இடையில் மூன்று மணி நேரம் யாரும் கிளறவில்லையே. தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று கிணற்று வாயைக் கடக்கும்போது உள்ளேயிருந்து இழுக்கிறது என்றார் ஒருவர். கடலுக்குப் போகும் ஒருவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது: "கடல் ஏறும்போது அடியில தண்ணி ஏறும், காத்த மேல தள்ளும். வத்தத்துல உள்ள இழுக்கும்." இரண்டு நாள் நானும் அதையே நம்பிக்கொண்டு இருந்தேன்.

வேலையை நிறுத்தி, காரணம் தெரியும் வரை ஆள் இறக்குவதில்லை என்று முடிவெடுத்தோம். ஆறு பேரின் கூலி அடிபடும் என்பதால் இது எளிதான முடிவாக இருக்கவில்லை. பாதிக் கூலி ஊர்ப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். மீதி யாருக்கும் கிடைக்கவில்லை.

எட்டு நாள் நோட்டு

பலகைகளை மறுபடி மூடி, இடுக்குகளைக் களிமண்ணால் பூசினோம். இப்போது கிணற்றுக்கு இருக்கும் ஒரே வாய் அந்த 4 அங்குலக் குழாய். குழாய் வாயில் பாலித்தீன் பையைக் கிழித்து ஒரு நாடா கட்டினோம். அப்பத்தாவின் பேத்தி, பிளஸ் டூ படிக்கிற பெண், கோடை விடுமுறையில் இருந்தாள். மணிக்கொரு முறை நாடா எந்தப் பக்கம் பறக்கிறது என்று எழுதும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். நாடா தெளிவாகச் சொல்லாத நேரத்தில் ஊதுபத்தி. நோட்டில் மூன்றே சொற்கள்: 'வெளியே', 'உள்ளே', 'சும்மா'. கூடவே செல்போனில் இருக்கும் காற்றழுத்த உணரியின் எண்ணையும் ஒரு செயலி வழியாகப் பார்த்துக் குறிக்கச் சொன்னேன். ராத்திரியில் அவளுடைய சித்தப்பா இரண்டு மூன்று தடவை எழுந்து பார்த்தார்.

மூன்றாம் நாளே ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை பத்து மணியை ஒட்டி 'சும்மா'. பதினொன்றுக்குள் 'வெளியே'. ஒரு மணி, இரண்டு மணிக்கு நாடா விறைத்து நிற்கும். மாலை நாலு, நாலரைக்கு மறுபடி 'சும்மா'. பிறகு இரவு பத்து வரை 'உள்ளே'. நடுநிசியில் மெல்ல 'வெளியே'. விடியுமுன் நாலு மணியிலிருந்து காலை பத்து வரை 'உள்ளே'.

எட்டு நாளும் இந்த நேரங்கள் கால் மணி, அரை மணிக்கு மேல் நகரவில்லை. கடல் காரணம் இல்லை என்பது இதில் தீர்ந்துவிட்டது. கடலின் ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். எட்டு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நகர்ந்திருக்க வேண்டும். நோட்டைக் காட்டியபோது கடலுக்குப் போகிறவரே ஒப்புக்கொண்டார்: "இது நெலாக் கணக்கு இல்ல, சூரியக் கணக்கு." காற்றே அசையாமல் கிடந்த இரண்டு நாளிலும் நேரம் மாறவில்லை என்பதால் கச்சானும் கழன்றது.

போனில் குறித்த எண்கள் காலை பத்துக்கு 1006க்குச் சற்று மேலே, மாலை நாலுக்கு 1003க்குச் சற்றுக் கீழே, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியுமுன் மறுபடி இறங்கி வந்தன. அலகு ஹெக்டோபாஸ்கல். வெப்பமண்டலம் முழுக்க வளிமண்டல அழுத்தம் நாளுக்கு இருமுறை இப்படி ஏறி இறங்கும்; சூரிய வெப்பம் உயரக் காற்றில் எழுப்பும் அலை அது. பத்து மணிகளில் உச்சம், நாலு மணிகளில் தாழ்வு. குளிர்நாடுகளில் மாறிமாறி வரும் வானிலையில் இது மூழ்கிப்போகும். நம் பக்கம் புயல் இல்லாத நாளில் கடிகாரம் போல வரும்.

காற்று ஏன் அப்படி நடந்தது

கோலார் தங்கவயலில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அந்த ஊருக்கு வந்திருந்தார். கோலார்ச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். 2001இல் மூடினார்கள். காற்று உள்ளே போக ஒரு குழி, வெளியே வர வேறொரு குழி என்று இரண்டு வழி இல்லாமல் அங்கே ஆள் வேலை செய்யவே முடியாது. நோட்டைப் புரட்டிவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, ரெண்டு வாசல் இருந்தா காத்து நடக்கும். ஒத்த வாசல்னா நடக்காது, மூச்சுதான் விடும்."

மேலே ஒரு வாயும் கீழே ஒரு வாயும் உள்ள குகையை எடுத்துக்கொள்வோம். குகைக்குள் வெப்பம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி இருக்கும். வெளியே குளிர்காலம் என்றால் உள்ளே இருப்பது சூடான, லேசான காற்று. அது மேல்வாய் வழியாக ஏறிப் போகும், கீழ்வாய் வெளிக்காற்றை இழுக்கும். கோடையில் நேர்மாறு: குளிர்ந்த கனமான காற்று கீழ்வாயால் கொட்டும், மேல்வாய் இழுக்கும். புகைபோக்கி வேலை செய்யும் அதே முறை. சுரங்கக்காரர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாக அறிவார்கள்.

ஒரே வாய் உள்ள பெரிய பொந்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், கூடினால் வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் காற்றுக் குகை என்றே பெயர் பெற்ற ஒன்று இருக்கிறது. 1881இல் இரு சகோதரர்கள் அதன் சின்ன வாயைக் கண்டார்கள். உள்ளிருந்து வந்த காற்று ஒருவரின் தொப்பியைத் தூக்கி எறிந்ததாகவும், இன்னொரு நாள் அதே வாய் தொப்பியை உள்ளே இழுத்துக்கொண்டதாகவும் கதை. ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சுண்ணாம்புச் சமவெளியிலும் தரையில் இப்படி மூச்சு விடும் துளைகள் உண்டு.

நம் கிணற்றில் குகை எங்கே? பாறையின் பொந்துகள்தான் குகை. மேலே இருக்கும் களி மூடிபோல் அடைத்துக்கொள்வதால், சுற்றிலும் பாறைக்குள் இருக்கும் காற்றுக்குக் கிணறு ஒன்றே வழி. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிணற்றைச் சுற்றி 15 ஏக்கர் பரப்பு, 8 மீட்டர் தடிமன், அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்று நிறைந்த பொந்து என்று வைத்தால் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் காற்று. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையே அழுத்தம் 1000இல் 3 பங்கு குறைகிறது. எனவே 300 கன மீட்டர் வெளியே வர வேண்டும். ஆறு மணி நேரத்தில் 300 என்றால் மணிக்கு 50. இது 4 அங்குலக் குழாய் வழியாக வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர், முகத்தில் படும், நாடா விறைக்கும்.

எங்களை ஏமாற்றிய இடம் இதுதான். பலகையை எடுத்துவிட்டால் வாய் 4 அங்குலத்திலிருந்து 96 அங்குலம் ஆகிறது. பரப்பு 576 மடங்கு. அதே 50 கன மீட்டர் இப்போது நொடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறும். எந்த முகத்துக்கும் தெரியாது, எந்தப் புகையும் காட்டாது. மூடியைத் திறந்ததும் முனி மூச்சை நிறுத்திவிட்டது என்று தோன்றும். உண்மையில் பாறையிலிருந்து காற்று வந்துகொண்டேதான் இருக்கிறது. கலக்காமல் அடியிலிருந்து ஏறினால் மணிக்கு 11 மீட்டர். 42 அடிக் கிணறு ஒன்றேகால் மணி நேரத்தில் நிறைந்துவிடும். வைகாசி மதியத்தில் வெளியே 36 டிகிரி, கிணற்றுக்குள் 29. கனமான குளிர்காற்று அடியில் படிந்துகொள்ள, மேலே வெந்த காற்று மூடிபோல் நிற்கும். கலப்பதற்கு வழியே இல்லை.

பாறைக் காற்று ஏன் கெட்டது? வேர்களும் மண்ணின் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு பாறைக்குள் இறங்கித் தேங்குகிறது. இலைமக்கு தன் பங்கைச் சேர்க்கிறது.

தூத்துக்குடியில் டேங்க் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் நால்வாயு மானியும் தனியாக ஒரு கரியமில வாயு மானியும் கொண்டுவந்தார். ஒரு பலகையை விலக்கி, ஆள் இறங்காமல், ட்யூபை மட்டும் இறக்கி உறிஞ்சி அளந்தோம். காலை எட்டு மணிக்குத் தரையில் ஆக்சிஜன் 20.3 சதவீதம், கரியமில வாயு 0.5. மதியம் இரண்டுக்கு 15 அடியில் 19.6, 1.1. 28 அடியில் 12.6, 6.4. தரையில் 11.8, 7.1. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9, கரியமில வாயு 0.04 என்பதோடு ஒப்பிட்டால் 28 அடியில் பையன் ஏன் நின்றான் என்பது விளங்கும். ஆக்சிஜன் 16ஐ ஒட்டி இறங்கும்போதுதான் சுடர் அணைகிறது. ஆக, விளக்கு அணைந்தால் ஆபத்து உறுதி, எரிந்தால் பத்திரம் என்று பொருள் இல்லை.

இங்கே ஒரு விஷயம். நால்வாயு மானி ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு இவற்றைத்தான் பார்க்கும். கரியமில வாயு அதில் கிடையாது. ஆக்சிஜனைப் பொறுத்தவரை, அது 19.5க்குக் கீழே போனால்தான் கத்தும். ஓர் இடத்தில் 5 சதவீதம் கரியமில வாயு வெறுமனே வந்து சேர்ந்திருந்தால் ஆக்சிஜன் 19.9 காட்டும். மானி சும்மா இருக்கும், ஆள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பான். நண்பர் இரண்டாவது மானியைக் கொண்டுவந்த காரணம் அதுதான்.

மறுபடி வேலை

நோட்டைப் பார்த்து நேரத்தை மாற்றினோம். விடியற்காலை 5.30க்கு ஆள் இறங்கி, வேலை பாக்கி இருந்தாலும் 9.30க்கு மேலே வந்துவிட வேண்டும். கிணறு உள்ளே இழுக்கும் நேரம் அது. வெளிக்காற்றும் அப்போதுதான் சற்றுக் குளிர்ந்து கீழே இறங்கும். நேரத்தை மட்டும் நம்பக் கூடாது என்று கோலார் பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். கிணற்றுக்கு இரண்டாவது வாசலை நாமே கொடுக்க வேண்டும் என்றார். எனவே 8 அங்குல ப்ளோயர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, துணிக் குழாயைத் தரைக்கு மூன்றடி மேலே வரை விட்டோம். புதுக்காற்று அடியில் கொட்டி, கெட்டதை வாய்வழியே தள்ளும். நெஞ்சுக் கயிற்றுக்குப் பதில் உடல்முழுக்க மாட்டும் பெல்ட், மேலே முக்காலி, கைவிஞ்ச். ஒரு மானி தரையில், ஒன்று ஆளின் தோளில்.

இரண்டாம் நாளே தோள் மானி கத்தியது. ஆக்சிஜன் சரியாகத்தான் இருந்தது, கத்தியது கார்பன் மோனாக்சைடுக்கு. ஆளை ஏற்றிவிட்டுப் பார்த்தால், ப்ளோயருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரைக் கிணற்றுக்குத் தென்மேற்கே நிழல் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். கச்சான் அந்தப் புகையைக் கொண்டுவந்து ப்ளோயர் வாயில் ஊட்ட, அது அப்படியே கிணற்று அடிக்குப் போயிருக்கிறது. ஜெனரேட்டரைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம், வடகிழக்கே நாற்பது அடி தள்ளி வெயிலில் நிறுத்தினோம். இப்படி ஒரு தவறு நடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை. மானி இல்லாவிட்டால் இன்னொரு மயக்கம் நடந்திருக்கும், அதற்கும் முனிதான் பழி சுமந்திருக்கும்.

ஐந்து காலைகளில் தூர் முடிந்தது. நாலடித் தண்ணீர் ஊறி நின்றது. மேஸ்திரியின் மருமகன் நான்காம் நாள் தானே வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். மேஸ்திரி விடமாட்டேன் என்றார். மேலே நின்று மானியைப் படிக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது.

பலகைகளை மூடும்போது குழாயை எட்டடிக்கு உயர்த்தி, முனையைக் கீழ்நோக்கி வளைத்து, வலை கட்டினோம். இனிமேல் பிள்ளைகளின் முகம் எட்டாது. குழாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது, வேண்டாம் என்றேன். அடைத்தால் பலகை இடுக்கு வழியாகக் காற்று எப்படியும் வரும்; எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் நாடாதான் இல்லாமல் போகும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

காலை 8.20க்குப் பார்த்த சோதனையை நாள் முழுமைக்கும் செல்லும் என்று எடுத்துக்கொண்டவன் நான். அடுத்த வேலைகளில் ஆள் மேலே ஏறி வந்த ஒவ்வொரு முறையும், மறுபடி இறங்குமுன் சோதிக்கிறோம். உள்ளே இருக்கும்போது மானி கூடவே இருக்கிறது. பத்தரை மணித் தலைவலியைப் புழுக்கம் என்று தள்ளியதும் என் கணக்கில்தான் வரும்.

ராத்திரி முழுக்கத் திறந்து போட்டதால் பயன் இருந்தது என்று இப்போதும் மேஸ்திரி சொல்கிறார். எனக்கு அது அரைப் பயன். நடுநிசியில் கிணறு மறுபடி வெளியே விடும். விடியுமுன் நாலு மணிக்குத் திறந்திருந்தால் அந்தக் காலை இன்னும் நன்றாக இருந்திருக்கும். இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அப்பத்தாவின் எச்சரிக்கையை முதல் நாளே நோட்டில் எழுதியிருக்க வேண்டும். முனியை நம்ப வேண்டியதில்லை. "உச்சிப்பொழுது" என்ற சொல்லை மட்டும் எடுத்து, ஏன் அந்த நேரம் என்று கேட்டிருந்தால் போதும். வருடக்கணக்காகக் குழாய் பக்கத்தில் குடியிருந்தவர் சொன்ன நேரம் அது.

ஐப்பசி

வேலை முடிந்து ஐந்து மாதம் கழித்து, வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நெருங்கிய நாளில் பேத்தியிடமிருந்து போன். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள்.

"அண்ணே, நேத்து ராத்திரியில இருந்து உள்ளேயே இல்ல. வெளியே, வெளியேன்னுதான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

போன் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 998 என்றாள். பத்து மணிக்கு வர வேண்டிய 'சும்மா' அன்று வரவில்லை. நாளுக்கு இருமுறை வரும் சின்ன ஏற்ற இறக்கத்தை அந்தப் பெரிய இறக்கம் விழுங்கியிருந்தது. கிணற்றுப் பக்கம் யாரையும் விடாதே, பலகையில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மழை ஓய்ந்து அழுத்தம் ஏறிய மறுநாள் சாயந்தரம் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முப்பத்தோரு 'வெளியே' வரிசையாக. அதன் கீழே, ஐந்தரை மணிக்கு நேராக, இரண்டு கோடு அடித்து 'உள்ளே'.